.308: நாலாவது சூட்டிலேயே கேஸ் அடியில் வெளிர் வளையம். ரீசைஸில் எங்கே தப்பு?

ஹில்கன்ட்ரி செந்தில் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமாக .308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டாவை வீட்டு கராஜில் ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கேஸை (தோட்டாவின் உறை) மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறேன். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் திறந்து மூடுவது). வேட்டை கிடையாது, காகித இலக்கு மட்டும்தான். புதிதாக வாங்கிய 100 பித்தளைக் கேஸ்களை ஒரே தொகுதியாக வைத்து, எத்தனை முறை சுட்டேன் என்று டப்பா மேலேயே எழுதி வருகிறேன்.

போன சனிக்கிழமை நாலாவது சூடு. சுட்டுவிட்டு போல்ட்டைத் திறந்தால் ஒரு கேஸின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது. உடம்பும் கழுத்தும் சேம்பருக்குள்ளேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) நின்றுவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் லேசாகக் காற்று அடித்த மாதிரி இருந்தது, கண்ணாடி போட்டிருந்தேன். அன்றைக்கு அதோடு கடையைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து மீதியைப் பார்த்தால், ஏழு கேஸில் அடியிலிருந்து கொஞ்சம் மேலே சுற்றிலும் மெல்லிய வெளிர் வளையம். வெடிமருந்து அளவு கையேட்டில் உள்ள குறைந்த அளவுக்குப் பக்கம்தான். அதிக அழுத்தம் என்று சொல்ல, பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகவும் இல்லை. சுட்டு விரிந்த கேஸைத் திரும்ப நெருக்கும் ரீசைஸிங் டையை (லீவர் பிரஸ்ஸில் திருகி வைக்கும் அச்சு) பெட்டியில் வந்த தாளில் சொன்னபடியே வைத்தேன்: ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் தாங்கி) தொடும்வரை இறக்கு, அப்புறம் கால் சுற்று. நான் எங்கே தப்பு செய்தேன்?

சொனோரா பெரியவர் (அரிசோனா)

தம்பி, முதல் வேலையாக அந்தத் தொகுதியில் மிச்சம் இருப்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள். வளையம் தெரியாததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாமே ஒரே மாதிரி ரீசைஸ் ஆனவை. ஏழில் வெளியே தெரிகிறது என்றால் மற்றவற்றில் உள்ளே தொடங்கியிருக்கும்.

அதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கி, கொக்கி மாதிரி லேசாக வளையுங்கள். கேஸ் வாய் வழியாக உள்ளே விட்டு, அடியைத் தொட்டு, சுவரை உரசியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கேஸில் வழுவழுவென்று வரும். கெட்டதில் அடித்தட்டுக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டும். அங்கேதான் சுவர் மெலிந்திருக்கிறது. வெளியே தெரிகிற வளையம் அதன் கடைசிக் கட்டம்.

மருந்தை விடுங்கள், இது அளவுச் சிக்கல். .308-இல் கேஸ் சேம்பருக்குள் நிற்பது தோளால், அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவால். ரீசைஸ் செய்யும்போது டை அந்தத் தோளை ரொம்பப் பின்னால் தள்ளிவிட்டால், கேஸுக்கு முன்னால் காலி இடம் விழும். சுடும்போது ஃபயரிங் பின் (பிரைமரைத் தட்டும் ஊசி) அடித்த வேகத்தில் கேஸ் முழுசாக முன்னே போய்த் தோளில் முட்டி நிற்கும், பின்னால் இடைவெளி. அழுத்தம் ஏறியதும் மெல்லிய முன்சுவர் விரிந்து சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் விரியாது, அது பின்னே நகர்ந்து போல்ட் முகத்தில் மோதும். முன்பாதி அசையவில்லை, பின்பாதி நகர்ந்துவிட்டது என்றால் நடுவில் இருக்கும் பித்தளை இழுபட்டுத்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இழுபடும். நாலாவது தடவை அறுந்தது.

மருந்து குறைவாக இருந்தது உங்களைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. கேஸ் கம்பேரேட்டர் (அடியிலிருந்து தோள் வரை அளக்கக் காலிப்பரில் மாட்டுவது) இருக்கிறதா? இருந்தால் மூன்று அளவு வேண்டும்: புது கேஸ், சுட்டு எடுத்த கேஸ், நீங்கள் ரீசைஸ் செய்த கேஸ்.

ஹில்கன்ட்ரி செந்தில்

ஐயா, கிளிப் வேலையைச் செய்தேன். தட்டுகிறது! வளையமே தெரியாத இருபதை எடுத்துப் பார்த்ததில் பதினாலில் தட்டுகிறது. அந்தக் கொக்கி பள்ளத்தில் விழும்போது விரல் நுனியில் தெரிகிற ஒரு 'டக்', அதை இனி மறக்க மாட்டேன்.

கம்பேரேட்டர் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. .308-க்கு 0.400 அங்குலத் துளை உள்ள அதன் வளையத்தைப் போட்டு, அங்குலத்தில் அளவு எடுத்தேன். பிரைமரை எடுத்த பிறகுதான் அளந்தேன். புதிது (கடையில் வாங்கி இன்னும் சுடாதது) 1.624. சுட்டது 1.631. நான் ரீசைஸ் செய்து வைத்திருந்தது 1.620.

சொனோரா பெரியவர்

வேறெதுவும் பார்க்க வேண்டியதில்லை. 1.631-இலிருந்து 1.620. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்று சுருக்கிச் சொல்கிறேன், நீங்கள் ஒவ்வொரு முறையும் 11 தௌ பின்னே தள்ளியிருக்கிறீர்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கு 2 தௌ போதும். தானாக இயங்கும் ரைபிள் என்றால் 3 அல்லது 4.

கம்பேரேட்டரில் வரும் எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். சேம்பரைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில் .308-க்கு கோ கேஜ் (போல்ட் மூட வேண்டியது) 1.630, நோ-கோ கேஜ் (மூடக் கூடாதது) 1.634 என்று இருப்பது உண்மை, ஆனால் உங்கள் காலிப்பர் காட்டும் 1.631 அந்த 1.631-தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ரைபிளில் சுட்டது, உங்கள் டையிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் நமக்கு வேண்டும்.

தாளில் எழுதியிருப்பதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எந்த ரைபிளிலும் நுழைகிற மாதிரி கேஸ் செய்து தருவதற்கான வழி அது. உங்களிடம் இருப்பது ஒரே ரைபிள், அதன் சேம்பருக்கு அந்தத் தாள் எழுதப்படவில்லை.

பட்டறை ரங்கன் (கோயம்புத்தூர்)

வணக்கம். நான் ரைபிளைக் கையால் தொட்டதில்லை, லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பகுதியை அளவு வேலைக்காகப் படிப்பேன். டையின் வெளி மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்று வேறொரு இழையில் பார்த்தேன். அது சரியென்றால் கணக்கு இப்படி வருகிறது.

ஒரு முழுச் சுற்று என்றால் 1/14 அங்குலம், அதாவது 71.4 தௌ. கால் சுற்று 18 தௌ. உங்களுக்கு வேண்டிய 2 தௌ என்பது பத்தே டிகிரி. டையின் வெளி வட்டத்தில் அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நகர்வு. கையால் 'கொஞ்சூண்டு திருப்பினேன்' என்பதே நாலைந்து தௌ ஆகிவிடும். மார்க்கர் பேனாவால் டை மேல் ஒரு கோடு, பிரஸ் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுத் திருப்புங்கள்.

இன்னொன்று. டை ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு கொடுக்கிற கால் சுற்று கேஸை 18 தௌ அழுத்துவதில்லை. இரும்பும் இரும்பும் முட்டிவிட்டதே, அதற்கு மேல் எங்கே போகும்? அந்தச் சுற்று பிரஸ்ஸின் சட்டம் வளைகிற வளைவை ஈடுகட்டத்தான். சும்மா தொடும்படி வைத்தால், கேஸ் உள்ளே இருக்கும்போது பாரம் ஏறி சட்டம் விரியும், இடையில் கீற்றாக வெளிச்சம் தெரியும். கால் சுற்று அந்தக் கீற்றை மூடுகிறது. ஆக, டையால் எவ்வளவு அதிகம் அழுத்த முடியுமோ அவ்வளவையும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். மேலே ஏற்றி வைத்துத் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதுதான் முறை.

சொனோரா பெரியவர்

ரங்கன் ஐயா, ரைபிளைத் தொடாதவர் சொன்னது மாதிரி இல்லை இது. அப்படியே பின்பற்றுங்கள், செந்தில். தொடும் நிலையிலிருந்து அரைச் சுற்று மேலே ஏற்றித் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. இறங்க இறங்க எண் குறைந்துகொண்டே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபுல் லெங்த் டை (கழுத்தோடு உடம்பையும் நெருக்குவது) முதலில் உடம்பைத்தான் பிடித்து நெருக்கும். நெருக்கப்பட்ட பித்தளை மேல் பக்கம் போகும், தோள் முன்னே நகரும். கேஸ் சுட்ட அளவைவிட நீளமாகக் காட்டும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் போல்ட் மூடாது. 'டை சரியில்லை' என்று அங்கே பயந்து, திரும்பக் கால் சுற்று இறக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமையாக இன்னும் கொஞ்சம் இறக்கினால் டையின் தோள் கேஸின் தோளைத் தொடும், எண் திரும்பிக் கீழே வரும்.

மிச்சிகன் மலர்

செந்தில் தம்பி, இந்த வேலையைப் பழைய கேஸ் வைத்துத்தான் செய்யப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: மசகு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். என் முதல் வருஷத்தில் லனோலினும் ஆல்கஹாலும் கலந்த ஸ்ப்ரேயை அடித்து, காயவிடாமல் உடனே டைக்குள் ஏற்றிவிட்டேன். ஆல்கஹால் ஈரம் இருக்கும்வரை லனோலின் வேலை செய்யாது. ஆறாவதோ ஏழாவதோ கேஸ், பாதி வழியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பலம் போட்டு இழுத்தேன், ஷெல் ஹோல்டர் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கேஸ் டைக்குள்ளேயே.

எடுக்கிற விதம் இதுதான், யாருக்காவது உதவும். டிகாப்பிங் கம்பியை (டைக்குள் இருந்து பழைய பிரைமரைத் தள்ளுவது) முடிந்தவரை மேலே தூக்கிவிட வேண்டும். கேஸின் அடியில் பிரைமர் குழி வழியாகத் துளை போட்டு, கால் அங்குல மரை வெட்டி, மேலே ஒரு குப்பி மாதிரியான தாங்கி வைத்து, போல்ட் போட்டு இறுக்கினால் கேஸ் தானாக வெளியே இழுபடும். அன்றைக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க அதற்கே போனது.

இப்போது மெழுகு மட்டும்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டப்பாவை ஒரு முறை தொட்டால் நாலைந்து கேஸுக்குப் போதும். உடம்பின் கீழ்ப்பாதியில் நன்றாக, தோளில் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். தோளில் மெழுகு தேங்கினால் அதற்கு ஓடிப்போக இடமில்லாமல் பித்தளையில் குழி விழும். சின்னக் குழி என்றால் அடுத்த சூட்டில் நிமிர்ந்துவிடும், ஆனால் ஏன் விழவிட வேண்டும்?

கழுத்துக்கு உள்ளேயும் மறக்காதீர்கள். லீவரை மேலே இழுக்கும்போது 'கீச்' என்று சத்தம் வந்தால், எக்ஸ்பாண்டர் குண்டு (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை) காய்ந்த கழுத்தை இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அது தோளையும் சேர்த்து முன்னே இழுக்கும், நீங்கள் கஷ்டப்பட்டு வைத்த 2 தௌ அங்கேயே காணாமல் போகும். நைலான் பிரஷ்ஷில் துளி கிராஃபைட் தொட்டு உள்ளே ஒரு சுற்று. முடித்ததும் வெளி மெழுகைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. எண்ணெய்ப் பசையோடு கேஸ் சேம்பரைப் பிடிக்காது, அடி முழு வேகத்தில் போல்ட்டில் மோதும்.

ஹில்கன்ட்ரி செந்தில்

நேற்றிரவு உட்கார்ந்தேன். கிளிப்பில் தட்டாத பழைய கேஸ் ஆறு எடுத்து, மலர் அக்கா சொன்னபடி மெழுகு. ஒவ்வொன்றும் சுட்ட அளவு 1.631.

அரைச் சுற்று மேலே: 1.632. கால் சுற்று இறக்கினேன்: 1.634. ஐயா முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் இங்கே குழம்பியிருப்பேன். அங்கிருந்து பத்துப் பத்து டிகிரியாக இறங்கினேன். 1.634-லேயே ஒரு முறை நின்றது, அப்புறம் 1.632, அதற்கு அடுத்தது 1.631, கடைசியில் 1.629. லாக் ரிங்கை (டையை அசையாமல் நிறுத்துவது) அங்கே இறுக்கிவிட்டேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். வளையம் தெரிந்த கேஸ் ஒன்றையும் புது கேஸ் ஒன்றையும் இரும்பு ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து, அரம் போட்டு வழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிதில் அடித்தட்டிலிருந்து சுவர் மேலே போகப்போக ஒரே சீராக மெலிகிறது, நம் வீட்டு உருளியின் அடி மாதிரி ஒரு வளைவு. பழையதில் அந்த வளைவு முடிகிற இடத்தில், யாரோ நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி உள்பக்கம் ஒரு வாய்க்கால். அதன் அடியில் மிச்சம் இருந்த பித்தளை காகிதம் போல இருந்தது. விரலால் வளைத்தேன், 'படக்' என்று ஒடிந்தது. இதை வைத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் சுட்டிருக்கிறேன் என்று நினைக்கவே வயிறு கலங்குகிறது.

சொனோரா பெரியவர்

அந்தப் பிளந்த கேஸைப் பெஞ்சுக்கு மேல் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

1.629 நல்ல இடம். இனி காலிப்பரை நம்புகிற அளவுக்கு ரைபிளையும் கேளுங்கள். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின் கூட்டத்தையும், முடிந்தால் எஜெக்டர் ஸ்பிரிங்கையும் (சுட்ட கேஸை வெளியே தள்ளுவது) கழற்றிவிடுங்கள். காலி போல்ட்டின் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். சுட்ட கேஸை ரீசைஸ் செய்யாமல் வைத்தால் பாதியில் நின்று பிடிக்கும். சரியாக ரீசைஸ் ஆனதை வைத்தால் எங்கும் உரசாமல் கீழே இறங்கும். அந்த 'பிடிக்கிறது', 'விழுகிறது' இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால், கம்பேரேட்டர் தொலைந்தால்கூடக் கவலையில்லை.

ஒரு முறை மட்டுமே சுட்ட கேஸ் சேம்பர் அளவுக்கு முழுசாக நீண்டிருக்காது. இரண்டு மூன்று சூட்டுக்குப் பிறகுதான் உண்மை அளவு கிடைக்கும். புதுத் தொகுதிக்கு முதல் ரீசைஸில் ரொம்பத் தள்ளிவிடாதீர்கள்.

அடிலெய்ட் அருள் (ஆஸ்திரேலியா)

கழுத்தை மட்டும் ரீசைஸ் செய்தால் இந்தத் தலைவலியே இல்லையே! நான் இங்குள்ள லித்கோ ஆலையில் செய்த பழைய லீ-என்ஃபீல்டு .303 வைத்திருக்கிறேன். ஃபுல் லெங்த் டையில் போட்டால் மூணு சூட்டுக்கு மேல் தாங்காது. கழுத்து மட்டும் என்றால் எட்டு, ஒன்பது வரை ஓடுகிறது.

.303 சுடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இது விளிம்பு உள்ள கேஸ். சேம்பருக்குள் நிற்பது விளிம்பால், தோளால் அல்ல. சகதியிலும் தூசியிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காக அந்தக் கால ராணுவச் சேம்பர்களைத் தாராளமாகக் குடைந்து வைத்தார்கள். முதல் சூட்டிலேயே தோள் வெகுதூரம் முன்னே போய்விடும். போதாததற்கு லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் பூட்டு பின்பக்கம். மவுசர் மாதிரி முன்னால் பூட்டுவதில்லை, அதனால் சுடும்போது போல்ட்டும் பாடியும் கொஞ்சம் கூடுதலாக நெளியும். அந்த நெளிவும் கேஸின் கணக்கில்தான் சேரும். சுட்ட பிறகு கேஸைப் பார்த்தால் புதிதுக்கும் அதற்கும் தோள் இருக்கும் இடமே வேறு. அதைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளுவது வீண் வதை.

சொனோரா பெரியவர்

அருள் சொல்வது .303-க்குச் சரி, அதில் வாதமே இல்லை. .308-இல் நான் அதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. கழுத்தை மட்டும் ரீசைஸ் செய்து வந்தால் நாலாவது ஐந்தாவது சூட்டில் உடம்பும் தோளும் சேம்பர் அளவுக்கு நிரம்பிவிடும், போல்ட் மூடும்போது கனமாகப் பிடிக்கும். எப்படியும் ஒரு நாள் ஃபுல் லெங்த் டைக்குத்தான் திரும்பி வர வேண்டும். அப்படி இருக்க, முதல் நாளிலிருந்தே 2 தௌ என்று ஒரே மாதிரி செய்தால் ஒவ்வொரு சூடும் ஒரே மாதிரி கேஸில் நடக்கும். கேஸின் ஆயுளும் குறையவில்லை, என் அனுபவத்தில்.

அடிலெய்ட் அருள்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் கிழவிக்கு அவள் வழிதான். இன்னொரு விஷயம், நம் ஊர்த் தொடர்பு இருப்பதால். கிளப்பில் ஒருவர் பழைய .303 சுட்ட கேஸ் ஒரு பை கொடுத்தார். அடியில் 'கே.எஃப்' முத்திரை, புனே பக்கத்துக் கிர்க்கி தோட்டா ஆலையில் செய்தவை. ஆசையாக டையில் போட்டேன், டிகாப்பிங் பின் முறிந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு துளைக்குப் பதில், ஓரமாக இரண்டு சின்னத் துளைகள். பெர்டன் வகை பிரைமர். பாக்ஸர் வகை என்றால் நடுத்துளை வழியாகப் பின் போய்த் தள்ளிவிடும், இதில் முடியாது. பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் இன்றைக்கு அமெரிக்கா முழுக்க பாக்ஸர் வகைதான் ஓடுகிறது. பழைய ராணுவக் கேஸ் கிடைத்தால் முதலில் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

மதுரை வேலன்

அண்ணன்மாரே, நான் இங்கே 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன். ஆர்வத்தில் கேட்கிறேன், நம் ஊரில் வீட்டில் இப்படிச் செய்யலாமா?

மட்டுறுத்துநர்

வேண்டாம், வேலன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால் குற்றம். இந்தப் பகுதியில் எழுதுகிறவர்கள் தங்கள் நாட்டில் சட்டப்படி அனுமதி உள்ளவர்கள். மருந்து அளவுகளும் இங்கே பேசப்படாது, அதற்கு அச்சிட்ட கையேட்டைப் பாருங்கள்.

கன்னார் பேரன் (ஒஹாயோ)

தாமதமாக வருகிறேன். எல்லோரும் அளவைப் பேசிவிட்டீர்கள், நான் பித்தளையைப் பேசுகிறேன்.

என் தாத்தா கும்பகோணத்தில் பாத்திரம் தட்டியவர். தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட ஒரு கட்டத்தில் அது இளகாது, சுத்தியல் துள்ளும், சத்தமே மாறும். 'பிடிவாதம் பிடிச்சிடுச்சு' என்பார். உடனே உலையில் வாட்டி எடுப்பார், அப்புறம் பழையபடி தட்டலாம். வாட்டாமல் தட்டினால் வெடிக்கும். கேஸின் கழுத்தில் நடப்பது அதேதான். நமது கேஸ் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது கழுத்து விரிகிறது, டை நெருக்குகிறது, எக்ஸ்பாண்டர் மறுபடி விரிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை தட்டின கணக்கு.

பிடிவாதம் பிடித்த பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் பழைய இடத்துக்கு எம்பும். செந்தில், நாலைந்து சூட்டுக்குப் பிறகு உங்கள் டை அதே இடத்தில் இருக்கும், ஆனால் 1.629 வராது. ஒன்று 1.630, ஒன்று 1.631, இன்னொன்று 1.629 என்று சிதறும். அப்போது டையை இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள், கழுத்தையும் தோளையும் அனீல் செய்யுங்கள், தாத்தா உலையில் வாட்டிய மாதிரி.

கழுத்தும் தோளும் மட்டும்தான்! அடிப்பாகம் கெட்டியாகவே இருக்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கிப் பிரைமரைப் பிடித்து நிற்பது அந்தக் கெட்டித்தனம். அடி இளகிய கேஸ் வெடித்துத் திறந்தால் வாயு முகத்தை நோக்கித்தான் வரும். நான் 750 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் வண்ணக் குழம்பைக் கழுத்துக்கு உள்ளேயும், 450 டிகிரிக்கானதைத் தோளுக்குக் கீழே உடம்பிலும் தடவுவேன். முதலாவது உருக வேண்டும், இரண்டாவது உருகக் கூடாது. தண்ணீரில் போட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பித்தளை அப்படி இறுகாது. தண்ணீர் சூடு அடிக்குப் பரவாமல் நிறுத்தும், அவ்வளவுதான். பிறகு நன்றாகக் காயவைக்க வேண்டும்.

சொனோரா பெரியவர்

நான் இருட்டறையில் டார்ச் பிடித்து, வாய் லேசாகச் சிவக்க ஆரம்பித்ததும் தட்டிவிடுகிறேன். இருபது வருஷமாக ஒரு கேஸும் என்னை ஏமாற்றவில்லை.

கன்னார் பேரன்

பெரியவரே, உங்கள் கண் இருபது வருஷம் பழகிய கண். செந்திலுக்கு அந்தக் கண் இல்லை. அறை கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால் அதே சிவப்பு தெரியாது, அதற்குள் சூடு எங்கேயோ போயிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சுவர்க் கனமும் மாறும், அதனால் 'இத்தனை நொடி' என்ற கணக்கும் உதவாது. புதிதாகத் தொடங்குகிறவர் வண்ணக் குழம்பில்லாமல் டார்ச்சைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமோனியா கலந்த மெட்டல் பாலிஷைக் கேஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக் கேஸ்கள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். ஏன் என்று வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், இழுத்துச் செய்த கேஸுக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து பித்தளையைப் பிளக்கின்றன. மழைக்கால ஈரத்தில் நடந்ததால் 'பருவ வெடிப்பு' என்ற பெயர் இன்றைக்கும் உலோகவியலில் நிற்கிறது. நம் ஊர் மழை கொடுத்த பெயர்.

மிச்சிகன் மலர்

பேரன், இது எனக்குப் புதுச் செய்தி. கராஜில் இருந்த பாலிஷ் டப்பாவை இப்போதே வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டேன்.

சுத்தம் செய்ய நான் தண்ணீர் டம்ப்ளரில் (கேஸ்களை உருட்டிக் கழுவும் இயந்திரம்) துருப்பிடிக்காத எஃகு ஊசி, துளி பாத்திரச் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே புளிப்பு வித்தைதான். ஆனால் விளக்கை அம்மா ஊறப்போட்டு மறந்ததில்லை, நான் ஒரு முறை ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் கேஸெல்லாம் செம்பு மாதிரி இளஞ்சிவப்பு. அமிலம் மேல்பரப்பின் துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. ஒரு மணி நேரம் போதும்.

உலர் டம்ப்ளர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே ஓட்டுங்கள். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, தூசியோடு பறக்கும். வேலை முடித்ததும் கையைக் கழுவாமல் குழந்தைகளைத் தொடாதீர்கள்.

பட்டறை ரங்கன்

ஒரே சந்தேகம். இழுபட்ட பித்தளை எங்கே போகிறது? அடியில் மெலிகிறது என்றால் வேறெங்கோ நீளம் கூடியிருக்க வேண்டுமே.

சொனோரா பெரியவர்

வாய்ப்பக்கம், ஐயா. அதனால்தான் கத்தரிக்கிறோம். .308-க்கு மொத்த நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.005-க்கு வெட்டிக்கொள்வது வழக்கம். தாண்டினால் கேஸின் வாய் சேம்பரின் முனையில் முட்டி, குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். அளக்க வேண்டியது ரீசைஸ் செய்த பிறகு. வெட்டியதும் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்க வேண்டும். செந்தில், அந்தப் பழைய தொகுதியில் ஒவ்வொரு முறையும் நிறையக் கத்தரித்தீர்களா?

ஹில்கன்ட்ரி செந்தில்

ஆமாம், ஐயா. ஒவ்வொரு சூட்டுக்கும் ஏழெட்டு தௌ வெட்ட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். கத்தரிப்பானின் தட்டில் விழுந்து கிடந்த பித்தளைத் தூள்தான் அடியிலிருந்து போயிருக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஹில்கன்ட்ரி செந்தில்

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பழைய தொகுதி முழுவதையும் பிரஸ்ஸில் நசுக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டேன். புதிதாக 50 கேஸ். முதல் சூட்டுக்குப் பிறகு 1.629 காட்டியது, போல்ட் தடங்கலில்லாமல் மூடியதால் தோளைத் தொடவே இல்லை, கழுத்து மட்டும். இரண்டாவது சூட்டில் 1.631-க்கு வந்தது, அங்கிருந்து ஒவ்வொரு முறையும் 2 தௌ. ஃபயரிங் பின் இல்லாத போல்ட்டில் ஐம்பதையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கைப்பிடி தானாக விழுகிறது.

நேற்று நாலாவது சூடு முடிந்தது. கொக்கியை ஐம்பதிலும் விட்டு இழுத்தேன், ஒன்றில்கூடத் தட்டவில்லை. நீளம் நாலு சூட்டுக்கும் சேர்த்து 5 தௌதான் கூடியிருக்கிறது, கத்தரிப்பானை இன்னும் எடுக்கவில்லை.

ஆனால் பேரன் சொன்னது நேற்று ரீசைஸ் செய்யும்போது நடந்தது. டையைத் தொடவில்லை, கோடு கோட்டுக்கு நேராக இருக்கிறது. முதல் பத்தில் நாலு 1.629, நாலு 1.630, இரண்டு 1.631. கை டைப் பக்கம் போனது உண்மை. எடுத்துவிட்டேன். வண்ணக் குழம்பு இரண்டு புட்டியும் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். பேரன், கழுத்துக்கு உள்ளே எவ்வளவு ஆழம் தடவ வேண்டும், படம் ஒன்று போட முடியுமா?